கால் விரல் பத்திரம்!

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளியைப் பார்த்தால் யாரோ உப்பைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும். உறைபனி! 2,240 மீட்டர் உயரமாச்சே!

விடியற்காலையில் அங்கிருந்து குன்னூருக்கு சைக்கிளில் இறங்குவது சொர்க்கம்தான், கணுக்கால் வரைக்கும்! இறக்கத்தில் மிதிக்கிற வேலை இல்லை. அதனால் காலில் சூடும் இல்லை. கேத்தி வருவதற்குள் பாதம் மரத்துவிடும். வளைவில் பஸ் வந்தால், கால் ஊன்றினோமா என்பதே தெரியாது. விளையாட்டில்லை சார்!

"ரெண்டு சாக்ஸ் திணிக்காதீங்க தம்பி, ஷூ இறுகினா ரத்தம் ஓடாது" என்றார் டீக்கடைக்காரர். "கம்பளி சாக்ஸ் ஒண்ணு. அதுக்கு மேல நியூஸ்பேப்பர் சுத்துங்க."

"பிளாஸ்டிக் பை?"

"நீலகிரியில தடைங்க!"

பேப்பர் காற்றை மறித்தது. ராத்திரி ஷூவுக்குள் திணித்தால் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. பருத்தி சாக்ஸ் மட்டும் வேண்டாம். நனைந்தால் லேசில் காயாது.

ஆசிரியர் மன்னிக்கணும்... அன்றைய தலையங்கம் என் காலில்தான் இருந்தது!