புயலின் கண்ணும் நம் கண்ணும்

'வர்தா' என்றால் ரோஜா என்று பொருள். பாகிஸ்தான் சூட்டிய பெயர். மலரின் பெயர் தாங்கி வந்தது. மரங்களை மாய்த்துச் சென்றது! 2016 டிசம்பர் 12 பிற்பகல் சென்னையருகே கரை கடந்த புயலைத்தான் கூறுகிறேன்.

எவருடைய சாபத்தால் பிறந்தது அது? சாபத்தாலன்று, வங்கக் கடலின் வெப்பத்தால்! கடல்நீர் ஏறத்தாழ 26 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறிக் கிடக்கையில் நீராவி எழுகிறது. மேலே குளிர்ந்து மேகமாகும்போது, தான் ஏந்திவந்த வெப்பத்தை விடுகிறது. அவ்வெப்பம் காற்றை மேலும் உயர்த்துகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. நாற்புறக் காற்றும் அவ்விடம் நோக்கிப் பாய்கிறது. உலகம் சுழல்வதால் நேரே பாயாமல் இடஞ்சுழியாகச் சுழல்கிறது. நடுவே அமைதியானதொரு வட்டம்; அதுவே புயலின் கண்.

இதனைக் கரும்பலகையில் வரைந்து காட்டும்போதெல்லாம், மாணவப் பருவத்தில் மயிலாப்பூரில் கண்ட அந்நாள் நினைவில் எழும். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்று சற்றே தணிந்தது. "வேண்டுதல் பலித்தது!" என்று அண்டைவீட்டுப் பெரியவர் வெளியே புறப்பட்டார். ஓய்ந்த காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்பும் என்று வானிலை அறிஞர்கள் எச்சரித்திருந்தனர். "ஐயா, சற்றுப் பொறுங்கள்" என்று தடுத்தோம், பொறுத்தார். சிறிது நேரத்தில் அவர் போகவிருந்த வழியிலேயே மரமொன்று சாய்ந்தது. அவரைக் காத்தது வேண்டுதலா, அறிவா? தோழர்களே, நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியில், பயணிகளோடு ரயிலையே கடல் கொண்டது. அன்று வானிலிருந்து பார்க்க நமக்கென ஒரு கண் இல்லை. இன்று செயற்கைக்கோள் உண்டு, ராடார் உண்டு, நாள் முன்னதாகவே செய்தி வருகிறது.

ஆயினும், அறிவு மட்டும் போதுமா? பட்டினப்பாக்கத்துக் குடிசைக்கும் தியாகராய நகர் மாடிக்கும் காற்று ஒன்றே; கூரை ஒன்றன்று! எச்சரிக்கை கேட்டதும் மாடிவீட்டார் கதவைச் சாத்தினால் போதும். குடிசையில் வாழ்வோரோ பெண்டு பிள்ளைகளோடு வீட்டை விட்டே ஓட வேண்டும். திரும்பி வருகையில் வீடு இருக்குமா என்பதும் ஐயமே. இதையும் விதி என்று சொல்லிவிட்டுப் போவதா?

தரையேறிய புயல், வெதுவெதுப்பான கடல்நீர் எனும் உணவற்றுச் சாகிறது. வர்தா மறுநாளே மெலிந்தது. வறுமை அவ்வாறு தானே சாவதில்லை. அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டத்தில் வீழ்ந்த பெருமரங்களைப் போன்றவை மீண்டும் வளரப் பல்லாண்டுகள் ஆகும். ஏழையின் கூரையை உறுதியாக்க அத்தனை ஆண்டுகள் வேண்டா, மனம் வேண்டும்!