அரைப்பேர்

சில வாரங்களுக்கு முன்னர் பதுளையில் இளம் செய்தியாளர்கள் சிலருக்கு எழுத்துப் பயிற்சி ஒன்றை நடத்தினேன். இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்துச் சீர்செய்ய உதவ வேண்டும் என்பது ஏற்பாடு. பத்து நிமிடம் ஆவதற்குள் ஒரு பையன், பக்கத்திலிருந்த பெண்ணின் தாளை இழுத்து, அவளுடைய பேனையாலேயே வெட்டித் திருத்தத் தொடங்கிவிட்டான். "தம்பி, பேனையைக் கீழே வையுங்கள்" என்றேன். "திருத்தச் சொன்னது நீங்கதானே சேர்?" என்றான். நியாயமான கேள்வி. அவனுக்கு அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சரியான பதிலைச் சொல்வதற்கு நான் ஸ்பிரிங்வெளிக்குப் போகவேண்டும்.

நமுனுகுல மலைச்சரிவில் உள்ள அந்தத் தோட்டத்தில்தான் 1983ஆம் ஆண்டில் நானும் என் நண்பனும் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். எழுபதுகளின் பிற்பகுதி தொடங்கித் தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றிருந்தபோதிலும், ஒரே ஆசிரியர் ஒரே மண்டபத்தில் பல வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் நிலை மாறவில்லை. எல்லாக் கட்டுரைக் கொப்பிகளையும் திருத்த அவருக்கு நேரம் ஏது? ஆகவே எங்களைச் சோடி சேர்த்துவிட்டார்.

இது புதிய முறையன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை நாம் அறிவோம். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றின் பொறுப்பை ஏற்ற அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அதனை அறிக்கையாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அது உலகெங்கும் பரவியது. ஸ்கொட்லாந்தில் அவருடைய கொடையால் எழுந்த பாடசாலைக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றுதான் பெயர். ஆனால் சட்டாம்பிள்ளை தோழன் அல்லன். அவன் ஆசிரியரின் நிழல். பிரம்பு கையில் இல்லாவிட்டாலும் அவனுடைய குரலில் அது இருக்கும்.

நானும் சட்டாம்பிள்ளையாகத்தான் இருந்தேன். எனக்கு இலக்கணம் வரும், பத்திரிகை வாசிப்பேன், நண்பனை விடக் கெட்டிக்காரன் என்ற எண்ணம் வேறு. 'ஒரு மழைநாள்' என்பது தலைப்பு. அவன் எழுதியது ஏறத்தாழ இப்படியிருந்தது: "மழைக்கு மலையெல்லாம் அட்டை. அம்மாவுக்கு அன்னைக்கு அரைப்பேர். ராத்திரி ரொட்டி எனக்கும் தங்கச்சிக்கும்தான். அம்மா சாப்பிடல." தோட்டத்தை அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல்: குறிக்கப்பட்ட அளவு கொழுந்து எடுக்காத தொழிலாளிக்கு அன்று பாதிச் சம்பளம், அதுவே அரைப்பேர். கூலியைக் குறைப்பதோடு நில்லாமல் ஆளையே பாதியாக்கிவிடும் சொல் அது.

நான் பேனையை எடுத்தேன். "மாரி பொழிந்தமையால் என் தாயார் பாதி ஊதியமே பெற்றார். எனினும் நாங்கள் மகிழ்ச்சியுடன் இரவுணவு உண்டோம்." ஆசிரியர் அதனை வகுப்பில் உரக்க வாசித்துப் பாராட்டினார். நண்பன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். வெட்கம் என்று நினைத்தேன். லயத்துக்குத் திரும்பும் வழியில் கேட்டான்: "எங்கம்மா சாப்பிடலன்னு எழுதியிருந்தேனே, அது எங்கடா?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அதன் பின்னர் அவன் கொப்பியைத் தானாகவே என்னிடம் நீட்டிவிடுவான், "நீயே எழுது" என்று. அது நம்பிக்கை அன்று, கைவிடல். அன்று அதை நான் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

பல ஆண்டுகளுக்குப் பின்னர் கென்னத் புரஃபி என்பவரைப் பற்றி வாசித்தேன். 1970இல் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் தன் கதவை அகலத் திறந்தபோது, அதுவரை உயர்கல்வியை எட்டிப்பாராத குடும்பங்களின் பிள்ளைகள் திரளாக வந்தார்கள். அவர்களுக்கு எழுத்து தடுமாறியது. ஆசிரியர்கள் உதவிக்கு அழைத்தாலும் பலர் போகவில்லை. சக மாணவன் பக்கத்தில் அமர்ந்தால் பேசினார்கள். புரூக்ளின் கல்லூரியில் அந்தப் பேச்சையே புரஃபி பயிற்சியாக்கினார். எழுதியவனோடு பேச வேண்டும், அவனுக்காக எழுதிக் கொடுக்கக் கூடாது. "இந்த இடத்தில் என்ன நடந்தது?" என்று நான் நண்பனிடம் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். அவன் சொல்லியிருப்பான், அவனே எழுதியுமிருப்பான். பத்திரிகை அலுவலகத்தில் உதவி ஆசிரியனாக மேசையில் அமர்ந்த காலத்திலும் இதனை நான் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. தோட்டத்து நிருபர்கள் அனுப்பிய எத்தனை அரைப்பேர்களை நான் 'பாதி ஊதியம்' ஆக்கினேனோ!

அந்த ஜூலையில் பதுளை நகரம் எரிந்தது. நண்பனின் குடும்பத்துக்கு ஏற்கெனவே இந்தியக் கடவுச்சீட்டு வந்திருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு என்று கணக்கிட்ட 5,25,000 பேரில் அவர்களும் அடக்கம். 1984இன் தொடக்கத்தில் பதுளையில் ரயிலேறித் தலைமன்னார் போய்க் கப்பலேறினார்கள்.

சில மாதங்களின் பின் கோத்தகிரியிலிருந்து கடிதம் வந்தது. "பேரன்புமிக்க நண்பருக்கு, யாவரும் இறையருளால் நலம். இவ்விடம் இயற்கை எழில் கொஞ்சுகின்றது. என் தாயார் கொழுந்து கொய்யும் பணியில் ஈடுபட்டு வருகின்றார். நாங்கள் மகிழ்ச்சியுடன் வாழ்ந்து வருகின்றோம்." ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. எல்லாம் என் வாக்கியங்கள். அவனுடைய அம்மாவுக்கு அங்கே முழுப்பேர் கிடைத்ததா, அரைப்பேரா, இரவில் அவர் சாப்பிட்டாரா என்பதை அந்தக் கடிதத்திலிருந்து என்னால் அறிந்துகொள்ள முடியவில்லை.