கருமணிக்கு அப்பால்

மூக்குக்கண்ணாடியின் சட்டம் உடைந்துபோனமையால் ஒருநாள் கண் மருத்துவமனைக்குச் சென்றேன். அங்கே சோதனைக் கண்ணாடி அணிந்து, சுவரில் ஒளிர்ந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை பிழையின்றிப் படித்தேன். பல்லாண்டு ஏடு பார்த்த கண்ணன்றோ எனச் சிறிது செருக்கும் கொண்டேன். "எழுத்தை நீங்கள் கண்டீர்கள், ஐயா. இனிக் கருவிகள் உங்கள் கண்ணைக் காணட்டும்" என்றார் மருத்துவ அம்மையார். "அவை செய்வதை எனக்கும் சொல்லுங்கள், அம்மா" என வேண்டிக்கொண்டேன்.

முதற்கருவியுள் நெடுஞ்சாலை ஒன்றும் அதன் முடிவில் ஒரு பலூனும் தோன்றின. தொலைவை நோக்குவதாக எண்ணிக் கண் தளர்வதற்கே அப்படம். அவ்வேளையில் அகச்சிவப்புக் கதிர் உட்சென்று மீள, அதனைக் கொண்டு கண்ணாடியின் அளவைக் கருவி கணிக்கிறது. இரண்டாவது கருவி கண்மீது 'புஸ்' எனக் காற்றை ஊதிற்று, திடுக்கிட்டேன். அக்காற்று கருவிழியை நொடிப்பொழுது தட்டையாக்கும். அதற்கு வேண்டிய வலிவிலிருந்து கண்ணின் உள்ளழுத்தம் தெரியும். பாதரச அளவில் அது பெரும்பாலும் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருக்கும். எனது வலக்கண் 17, இடக்கண் 28.

அம்மையாரின் முகம் மாறிற்று. கண்ணினுள் தெளிந்த நீர் இடையறாது ஊறி வடிகிறதாம். வடிகால் அடைபட்டால் அழுத்தம் மிகும். அது பார்வை நரம்பை வலியின்றியே அரிக்கும்.

அந்நரம்பைக் காண்பது எங்ஙனம்? கருமணி கரியதாய்த் தோன்றுவது ஒளி அங்கே மடிந்துவிடுவதனால் மட்டும் அன்று. உட்புகுந்த ஒளி வந்த வழியே மீள்கிறது. அவ்வழியில் நின்று பார்க்க முயல்வோனின் தலையே விளக்கை மறைத்துவிடுகிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1851-இல் இதற்கொரு கருவியை வெளியிட்டார். சாய்த்து வைத்த கண்ணாடித் தகடுகளால் விளக்கொளியைக் கண்ணுள் திருப்பி, அத்தகடுகளின் ஊடாகவே நோக்கினார்; உயிருள்ள மனிதனின் விழித்திரை தெளிவாகப் புலப்பட்டது. எத்துணை எளிய உபாயம்! அம்மையார் பயன்படுத்திய கருவி வேறு. வழி ஏறக்குறைய அதுவே.

மறுநாள் ஒரு வெண்கிண்ணத்தின் நடுப்புள்ளியையே நோக்கியிருக்கப் பணித்தார். சுற்றிலும் ஒளிப்புள்ளிகள் மின்னும். காணுந்தோறும் பொத்தானை அழுத்த வேண்டும். இடக்கண்ணின் முறை வந்தபொழுது, மேற்புறத்தில் நெடுநேரம் ஒன்றும் மின்னவில்லை. கருவி பழுதோ என்று கேட்டேன்.

"புள்ளிகள் வந்துகொண்டேதான் இருந்தன, ஐயா" என்றார் அவர்.

எழுத்தைப் படிப்பது நடுப்பார்வை; இந்நோய் பெரும்பாலும் ஓரங்களிலேயே தொடங்கும். இழந்த பகுதி மீளாது. எஞ்சியதைக் காக்க, இரவுதோறும் ஏட்டைக் கட்டிவைத்தபின் ஒரு துளி மருந்து இட்டுக்கொள்கிறேன்.