ட்ரெய்லர் லோரியும் இருசமபக்க முக்கோணமும்



குனோங் ராபாட்டில் பணியாற்றும் எவரும் லோரிகளைக் காணாமல் பள்ளிக்குச் சென்று திரும்ப இயலாது. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் குன்றுகள். தெற்கே சிம்பாங் பூலாய்ப் பக்கம் கல்லுடைப்பு ஆலைகள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் நுழைவாயிலும் அங்கேதான். முந்திய தலைமுறையில் பேராத் தமிழர் பலர் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிப் பிழைத்தனர். தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிய பின்னர் அவர்களின் பிள்ளைகளுள் பலர் லோரி ஓட்டுநர்களாயினர். என் வகுப்பிலும் "அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டால் "லோரி ஓட்டுறாரு டீச்சர்" என்னும் விடை எப்போதும் இரண்டு மூன்றாவது கிடைக்கும்.

அத்தகைய தந்தையருள் ஒருவர் சில காலத்திற்கு முன்பு ஓர் உதவி வேண்டி என்னிடம் வந்தார். கொள்கலன் ஏற்றும் ட்ரெய்லரை இழுக்கும் பிரைம் மூவர் ஓட்டுபவர். வண்டியின் முன் டயர்கள் இரண்டும் சில மாதங்களிலேயே ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடுகின்றன. நிறுவனம் மூன்று முறை அலைன்மெண்ட் செய்து கொடுத்தது. அதன் பிறகும் தேய்ந்தது. "நீ ஓட்டுகிற ஓட்டுதான் காரணம்" என்று கூறி, டயர் விலையில் ஒரு பகுதியை அவர் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடிக்கத் தொடங்கிவிட்டனர். நிறுவனத்திற்கு மலாய் மொழியில் முறையான கடிதம் ஒன்று எழுதித் தரவேண்டும் என்பது அவருடைய கோரிக்கை.

கடிதம் எழுதுவது கடினமான செயலன்று. ஆனால் அதில் என்ன எழுதுவது? "நான் ஒழுங்காகத்தான் ஓட்டுகிறேன்" என்று எழுதினால் எவர் நம்புவர்? ஆகவே, "டயர் எதனால் தேய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்" என்றேன். அவர் என்னைத் தமக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரரிடம் அழைத்துச் சென்றார். அப்பெரியவர் இளமையில் தோட்டத்து டிராக்டர்களைப் பழுது பார்த்துத் தொழில் பழகியவர். அன்று கற்றதைப் பிற ஆசிரியர்களோடும், குறிப்பாக ஓட்டுநர் குடும்பத்துப் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்வதே இப்பதிவின் நோக்கம்.

பெரியவர் முதலில் செய்தது மிக எளிய செயல். முன் டயரின் முகப்பில் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே தடவினார். பிறகு வெளியிலிருந்து உள்ளே தடவினார். "நீங்களும் தொட்டுப் பாருங்க டீச்சர்" என்றார். ஒரு திசையில் வழவழப்பாக இருந்தது. மறுதிசையில் இரம்பப் பல்லைப் போல் கையை உறுத்தியது. டயர் உருளும்போது சற்றே பக்கவாட்டிலும் இழுபட்டுத் தேய்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். சக்கரம் நோக்கும் திசை ஒன்று, வண்டி போகும் திசை வேறொன்று.

வேறுபாடு எவ்வளவு இருக்கும் என்று வினவினேன். "பத்தில் ஒரு டிகிரி இருந்தாலே போதும்" என்றார். பத்தில் ஒரு பாகை! நம் வகுப்பறைக் கோணமானியில் அதனைக் காட்டவே முடியாது. 1 மீட்டர் விட்டமுள்ள லோரிச் சக்கரத்தில் அதன் அளவு 2 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. ஆயினும் கணக்கிட்டுப் பாருங்கள். 1 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 6,283 மீட்டர். அதனை 360 ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 17.45 மீட்டர். பத்தில் ஒரு பாகைக்கு 1.7 மீட்டருக்குச் சற்று அதிகம். அதாவது, அந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 1.7 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஒருமுறை போய்ச் சேர்வதற்குள் ஏறத்தாழ 350 மீட்டர்! பல டன் சுமையைத் தாங்கும் ரப்பரைத் தார்ச்சாலையில் குறுக்காக அவ்வளவு தூரம் இழுத்தால் என்ன மிஞ்சும்?

வணிக வாகனங்களை ஆறு மாதத்திற்கு ஒருமுறை புஸ்பாகோம் சோதனைக்குக் கொண்டுசெல்வதைப் பெற்றோர் அறிவர். இத்தகைய சோதனை நிலையங்களில் ஓர் இரும்புத் தட்டின்மீது வண்டியை மெதுவாக ஓட்டிப் பக்கவழுக்கலை அளக்கும் முறை உண்டு. அக்கருவி காட்டும் அலகும் கிலோமீட்டருக்கு எத்தனை மீட்டர் என்பதே. மேற்கண்ட கணக்கைச் செய்யத் தெரிந்த மாணவன் அந்த எண்ணின் பொருளையும் உணர்ந்துகொள்வான்.

சரி, மூன்று முறை அலைன்மெண்ட் செய்தும் ஏன் தேய்ந்தது?

இதற்குப் பெரியவர் சொன்ன விடைதான் எனக்குப் புதிது. "மூணு தடவையும் முன்னால மட்டும்தான் பார்த்திருக்கானுங்க. இது காரு இல்ல. பின்னால இருந்து வரணும்" என்றார்.

அந்த வண்டிக்கு மொத்தம் 22 டயர்கள். முன்னால் இரண்டு, இழுக்கும் தலையின் பின் அச்சுகள் இரண்டிலும் எட்டு, ட்ரெய்லரின் மூன்று அச்சுகளில் பன்னிரண்டு. ஓட்டுநரின் கைக்குக் கட்டுப்படுபவை முதல் இரண்டே. மற்ற இருபதும் எந்தப் பக்கம் பார்த்துப் பூட்டப்பட்டிருக்கின்றனவோ அந்தப் பக்கமே போக முயலும். பின் அச்சுகள் இரண்டும் சேசிஸின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாகவும், ஒன்றுக்கொன்று இணையாகவும் இருத்தல் வேண்டும். ஓர் அச்சின் ஒரு முனை சில மில்லிமீட்டர் முன்னே நகர்ந்துவிட்டால் இரண்டு அச்சுகளும் வெவ்வேறு திசைக்கு இழுக்கின்றன. வண்டியின் மூக்கு ஒரு பக்கம் திரும்பப் பார்க்கிறது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறார். எட்டு டயர்களின் பிழையை இரண்டு டயர்கள் சுமக்கின்றன. தேய்மானம் முன்னால் தெரிகிறது. "டாப்பாவுல இருந்து கோலாலம்பூர் வரைக்கும் வலது கை வலி தாங்காது டீச்சர்" என்று அத்தந்தை முன்னரே கூறியிருந்தார். அவ்வலியின் காரணம் அப்போதுதான் விளங்கியது.

இனி முக்கோணத்திற்கு வருவோம். ட்ரெய்லரின் முன்பகுதியில் அடியில் தடித்த இரும்பு முளை ஒன்று தொங்கும். அதன் பெயர் கிங்பின். பிரைம் மூவரின் முதுகில் உள்ள வட்டத் தகட்டில் அது பூட்டிக்கொள்ளும். அத்தகட்டை 'ஐந்தாம் சக்கரம்' என்பர். குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்காகக் கிடையாக வைக்கப்பட்ட வளையத்தின் பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது. (முன் சக்கரம் திரும்பும் இடத்திலுள்ள முளைக்கும் கிங்பின் என்றே பெயர்! ஒரே வண்டியில் இரண்டு கிங்பின்கள். கலைச்சொல் ஆக்குவோர் கவனிக்க.)

ட்ரெய்லர் நேராக இருக்கிறதா என்று அறிய, கிங்பின்னிலிருந்து முதல் அச்சின் இடமுனைக்கு ஓர் அளவு, வலமுனைக்கு ஓர் அளவு எடுக்கின்றனர். இரண்டும் சமமாக இருத்தல் வேண்டும். நாம் கரும்பலகையில் வரையும் இருசமபக்க முக்கோணமேதான்! உச்சி கிங்பின், அடிப்பக்கம் அச்சு. வேறுபாடு 3 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்பது இத்தொழிலில் பொதுவாகக் கைக்கொள்ளப்படும் அளவு. பின்னர் இரண்டாம், மூன்றாம் அச்சுகள் முதலாவதற்கு இணையாக உள்ளனவா என்று பார்ப்பர்.

அன்று அந்த ட்ரெய்லரின் இரண்டு அளவுகளுக்கும் இடையே 11 மில்லிமீட்டர் வேறுபாடு. "பதினோரு மில்லிமீட்டர்தானே" என்று தோன்றும். விகிதக் கணக்கு ஒன்று போடுவோம். அளந்த இரு முனைகளுக்கு இடையிலான தூரம் 2.4 மீட்டர். கிங்பின்னிலிருந்து அச்சு இருக்கும் தூரம் 8.5 மீட்டர். 2,400க்கு 11 என்றால் 8,500க்கு எவ்வளவு? ஏறத்தாழ 39 மில்லிமீட்டர். அச்சு இருக்கும் இடத்திலேயே ட்ரெய்லர் 4 சென்டிமீட்டர் ஒதுங்கி ஓடுகிறது. வால்பகுதி அதனினும் அதிகமாக. தெருநாய் ஓடும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களின் தடத்தில் விழாமல் ஒதுங்கி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே நடை.

இவற்றோடு முடியவில்லை. பிரைம் மூவரின் கடைசி அச்சைப் பிடித்து நிறுத்தும் இரும்புத் தண்டின் ரப்பர்ப் புஷ் நைந்து போயிருந்தது. முன்னால் எத்தனை முறை சரிசெய்தாலும், சுமையேற்றிப் புறப்பட்டவுடன் அந்த அச்சு மீண்டும் நகர்ந்துவிடும். ஆகவே முதலில் தேய்ந்த உறுப்புகளை மாற்றவேண்டும். பிறகு பின் அச்சுகள், ட்ரெய்லர் அச்சுகள். முன் சக்கரம் கடைசியில்தான். பட்டறைக்குள் பின்னோக்கி நுழையாமல் சிறிது தூரம் நேராக முன்னோக்கி ஓட்டி வந்து நிறுத்திய பிறகே அளக்கவேண்டும் என்பதும் பெரியவரின் கண்டிப்பு. அவ்வாறு செய்யாவிடில் ஸ்பிரிங்குகளில் தங்கியிருக்கும் முறுக்கு அளவைக் கெடுத்துவிடுமாம்.

அந்த நான்கு எண்களையும், மாற்றிய புஷ்ஷின் படத்தையும், பட்டறைச் சீட்டையும் இணைத்துக் கடிதம் எழுதினோம். கூடவே ஒரு பத்தி சேர்த்தேன். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு எவ்வெக் காரணங்களுக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாம் என்பதை வரையறுத்துள்ளது. டயர் தேய்மானம் அவற்றுள் இல்லை. ஓட்டுநர் குடும்பத்தினர் இப்பிரிவின் எண்ணையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் சென்ற மாதத்திலிருந்து பிடித்தம் நின்றது. முன்பு பிடித்த பணம் மட்டும் இன்றுவரை திரும்பி வரவில்லை. அதற்காகத் தொழிலாளர் துறைக்குச் செல்லலாம் என்று கூறினேன். "வேலை இருக்கு டீச்சர், போதும்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆயினும் அது அவர் முடிவு.

2025 மே 13ஆம் நாள் தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமிப் பாதுகாப்புப் பணியை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புக் காவல் படையினர் ஒன்பது பேர், கல் ஏற்றிவந்த லோரி மோதி உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அதனை ஆராய்ந்த சிறப்புக் குழு மிகைச் சுமையையும் ஸ்டீயரிங் பழுதையும் சுட்டியது. அது அலைன்மெண்ட் கோளாறு அன்று. வேறு வகைப் பழுது. எனினும் அச்செய்திக்குப் பின் லோரி ஓட்டும் அப்பாவைக் கொண்ட பிள்ளைகள் வகுப்பில் எப்படி அமர்ந்திருந்தனர் என்பதைப் பார்த்த எனக்கு, பட்டறைக் கணக்கு வெறும் கணக்காகத் தோன்றவில்லை.

வகுப்பில் இதனைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு: ஒரு நீண்ட மேசை, நூல், ஓர் ஆணி, மில்லிமீட்டர் குறித்த அளவுகோல் போதும். மேசையின் ஒரு முனையில் ஆணியும், மறுமுனையில் அச்சாக ஒரு மரச்சட்டமும் வையுங்கள். சட்டத்தைச் சற்றே சாய்த்துவிட்டு, எந்தப் பக்கம் நீளம் என்று கண்ணால் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு நூலால் அளக்கட்டும். என் வகுப்பில் கண்ணால் பார்த்தவர்களுள் பாதிப்பேர் தவறாகச் சொன்னார்கள். சரியாகச் சொன்னவள், நீங்கள் ஊகித்தபடியே, ஒரு லோரிக்காரர் மகள்.

கோயில் தேரையும் இப்பாடத்தில் சேர்க்கலாம். தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. தமிழ்நாட்டின் பெருந்தேர்களைச் சக்கரத்தின்கீழ் முட்டுக்கட்டை கொடுத்தே திருப்புகின்றனர். முட்டுக்கட்டை என்றால் தடை என்று மட்டும் கற்பித்து வருகிறோம். அது திசை திருப்பும் கருவியும் ஆகும்.

சொற்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். அலைன்மெண்ட் என்பதற்குச் 'சக்கர நேரமைவு' என்று வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன். முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை 'டோ' என்கின்றனர். அதற்கு நல்ல சொல் அமையவில்லை. தோட்டத்து டிராக்டர்ப் பட்டறைகளில் பணிபுரிந்த பெரியவர்கள் இதற்கு ஏதேனும் ஒரு சொல் வழங்கியிருக்கக்கூடும். உங்கள் வீட்டில் அத்தகையோர் இருந்தால் கேட்டு எழுதுங்கள்.