சிவனொளிபாத மலை

தருமபுரி மாவட்டத்தில், தொப்பூர்க் கணவாய்க்கு வடக்கே அமைந்தது நல்லம்பள்ளி. அவ்வூரினரான அண்ணனும் தங்கையும் ஒரு மாசித் திங்களில் இலங்கைக்குச் சென்றனர். கொழும்பினின்றும் மோட்டார் வண்டியில் புறப்பட்டுக் கித்துல்கல, ஹட்டன், மஸ்கெலியா ஆகிய ஊர்களைக் கடந்து, நல்லதண்ணி என்னும் அடிவாரத்தை அடைந்தனர். வழிநெடுகத் தேயிலைத் தோட்டங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலம் முதலிய மாவட்டங்களினின்றும் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் ஆங்கே கொழுந்து கொய்தனர்.

சிவனொளிபாத மலையின் உயரம் 2,243 மீட்டர்; ஏறவேண்டிய படிகளோ 5,000-க்கும் மேல். உச்சிப் பாறையிலுள்ள அடிச்சுவட்டைப் பௌத்தர் புத்தருடையது என்றும், சைவர் சிவபெருமானுடையது என்றும், இசுலாமியர் ஆதமுடையது என்றும் போற்றுவர். கதிரவன் எழுங்கால் மலையின் நிழல் மேற்றிசையில் முக்கோணமாய்ப் படியும். அதனைக் காணும் வேட்கையால் இருவரும் இரவு இரண்டு மணிக்கே ஏறத் தொடங்கினர்.

பாதி வழியில் தங்கையின் முழங்கால் தளர்ந்தது. "அண்ணா, நீங்கள் முன்னே செல்லுங்கள், நிழல் எனக்காகக் காத்திராது" என்றாள் அவள்.

"நான் மட்டும் கண்டு வந்து உனக்குச் சொல்வதற்கோ இவ்வளவு தொலைவு வந்தோம்?" என்ற அண்ணன், அவளுடைய பையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டான். பத்துப் படிக்கு ஒருமுறை அமர்ந்து அமர்ந்து ஏறினர்.

உச்சியை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது, நிழல் மறைந்துவிட்டது. ஆங்கே ஒரு மணி உண்டு. எத்தனை முறை மலை ஏறினரோ அத்தனை முறை அதனை அடிப்பது மரபு. அண்ணன் மணிக்கயிற்றைத் தங்கையிடம் தந்தான். அவள் ஒருமுறை அடித்தாள். பின்னர் அவனும் ஒருமுறை அடித்தான்.

"நிழல் எவ்வாறிருந்தது?" என்று ஊரார் வினவியபோது அவன் கூறிய விடை இது: "அடுத்த தடவை நாங்கள் மணியை இருமுறை அடிக்கும்போது கண்டு வந்து சொல்கிறோம்."