சேலையூரில் ஒரு கார் சுயம்வரம்

சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பில் சாயந்திரம் ஆறரை மணிக்குப் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். இந்தியாவில் விற்கிற கார்களில் முக்கால்வாசி உங்களைத் தாண்டிப் போய்விடும். 'தாண்டி' என்பது கொஞ்சம் ஓவர். ஊர்ந்து போகும். வேளச்சேரி பக்கமிருந்து வரும் ஐ.டி. கம்பெனி வேன், தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து பிதுங்கி வரும் ஷேர் ஆட்டோ, அகரம்தென் பக்கம் திரும்பத் துடிக்கும் தண்ணி லாரி, இவர்களுக்கு நடுவே யோசனையில் ஆழ்ந்த ஒரு மாடு.

முன்பெல்லாம் இங்கே நிற்கிற கார்கள் அடக்க ஒடுக்கமாக இருக்கும். இப்போது பாதிக்கு மேல் நெஞ்சை நிமிர்த்திய ஜாதி. மிட்சைஸ் எஸ்.யூ.வி.! 2012-ல் ஒரகடத்திலிருந்து டஸ்ட்டர் வந்தது. 2015-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கிரேட்டா வந்தது. அப்புறம் தெருவுக்கு நாலு. மலையும் காடும் ஏறிப் போவதற்காகப் பிறந்த உருவம், ராஜகீழ்ப்பாக்கத்தில் கறிவேப்பிலை வாங்கப் போகிறது என்று கிண்டலடிக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் ஒரு தடவை எங்கள் பக்கத்துக் குறுக்குத் தெருக்களில் வந்து பாருங்கள், ஸார். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி, மூடி, மூடினதை மறந்து மறுபடி தோண்டிய தெருக்கள். கிரேட்டாவின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் 190 மில்லிமீட்டர், ஹோண்டா எலிவேட்டுக்கு 220. எங்கள் தெருவில் அந்த முப்பது மில்லிமீட்டர் ஒரு பெரிய சமாசாரம்.

எங்கள் வீட்டில் பேச்சு ஆரம்பித்தது ஃபேஷனால் அல்ல, அம்மாவின் முட்டியால். பத்து வருஷமாக வைத்திருக்கும் சின்னக் காரில் அம்மா உட்காருவதில்லை, விழுகிறாள். இறங்கும்போது நானும் என் மனைவியும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்க வேண்டும். உத்திரமேரூரில் பெரியம்மா இருக்கிறாள். அம்மாவை விட எட்டு வயசு மூத்தவள், கண் ஆபரேஷன் ஆனவள். பஸ் படி அம்மாவுக்கு ஆகாது. "வரலைடா, அங்க போய் இறங்க ஒரு அரைமணி ஆகும்" என்று அம்மா போவதையே நிறுத்தி ஒரு வருஷம் ஆகிவிட்டது. அக்கா தங்கை ரெண்டு பேரும் போனில் "நீ நல்லா கேக்கறியா?" என்று கத்திக்கொண்டிருப்பதைக் கேட்டால் உங்களுக்கும் கார் வாங்கத் தோன்றும்.

சரி, எந்தக் கார்?

இந்த விஷயத்தில் ஆபீஸில் யாரையும் கேட்காதீர்கள். தான் வாங்கினது மட்டும்தான் கார் என்று ஒவ்வொருவனும் சத்தியம் செய்வான். ஷோரூமில் கேட்டாலும் பிரயோசனமில்லை. திரை எத்தனை அங்குலம், கூரை திறக்குமா, விளக்கு எத்தனை கலரில் எரியும் என்று பையன் ஒப்பிப்பான். எல்லாம் முன் சீட் சமாசாரம். குடும்பத்தில் பாதிப்பேர் உட்காருகிற பின் சீட்டைப் பற்றி அவனுக்கு ஒரு வரிகூடப் பாடமில்லை.

டெஸ்ட் டிரைவ் என்று கூட்டிப்போவதும் பட்டுப்போன்ற ரோடில். நான் பிடிவாதமாக எங்கள் தெருவுக்கு வரச் சொன்னேன். ஒரு பையன், "ஸார், டெமோ வண்டி, கீறல் விழுந்தா என் சம்பளத்துல பிடிப்பாங்க" என்று கும்பிட்டான். அப்படியும் நாலைந்து வண்டிகள் வந்தன. மனைவியை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்னால், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு வண்டியில் (பெயர் வேண்டாம், ஆசிரியருக்கும் விளம்பர இலாகாவுக்கும் சண்டை வரும்) முன்னால் உட்கார்ந்தபோது விமானம் மாதிரி இருந்தது, பின்னால் மாட்டு வண்டி. எங்கள் ரெண்டு பேர் தலையும் நவராத்திரி கொலுவில் தலையாட்டி பொம்மை ஆடுகிற மாதிரி ஆடியது.

அன்றைக்குக் கற்றது: அம்மாவுக்கு வேண்டியது இடுப்பு உயரத்தில் சீட். பெரிய ஏழு பேர் வண்டிகளில் ஏறவே ஒரு முக்காலி வேண்டும். சின்ன வண்டியில் உள்ளே விழ வேண்டும். நடுத்தர வண்டியில்தான் பின்பக்கத்தை வைத்து, காலை உள்ளே திருப்பிக்கொண்டால் முடிந்தது. இது எந்த விளம்பரத்திலும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. கடைசி லிஸ்ட்டில் கிரேட்டா, செல்டாஸ், கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், எலிவேட் என்று அஞ்சு பேரை எழுதி வைத்தேன். பார்த்தால், நாலு பேர் ரெண்டே குடும்பம்! ஹூண்டாயும் கியாவும் ஒரே கொரியக் குழுமம். கிரேட்டாவும் 2019-ல் வந்த செல்டாஸும் எஞ்சின் வரைக்கும் பங்காளிகள். ஒருத்தர் இருங்காட்டுக்கோட்டையில் பிறந்தவர், இன்னொருத்தர் ஆந்திராவில் அனந்தப்பூர் பக்கம். மாருதியின் கிராண்ட் விட்டாராவும் டொயோட்டாவின் ஹைரைடரும் இன்னும் நெருக்கம். 2022-ல் ரெண்டும் பெங்களூர் பக்கத்தில் பிடதியில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தவை. ஒரே பெண்ணுக்கு ரெண்டு கல்யாணப் பத்திரிகை அடித்த கதை. இவர்களில் யார் என்று ராத்திரி கண் விழிப்பதை விட, யாருடைய சர்வீஸ் சென்டர் உங்கள் வீட்டுக்குக் கிட்டே என்று பார்ப்பது மேல்.

நான் பி.காம். என்பதால் அடுத்த சண்டை பேப்பரில். ஹைப்ரிட் என்று ஒரு ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்டுக்குக் கம்பெனி சொல்வது லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். ஊருக்குள் 22 என்றும், சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குக்கு 13 என்றும் வைத்துக்கொண்டேன். நாங்கள் மாதம் 700 கிலோமீட்டர் போனால் ஜாஸ்தி. வருஷத்துக்கு 264 லிட்டர் மிச்சம். லிட்டர் நூறு ரூபாய் என்றால் 26,400. வண்டி விலையில் வித்தியாசம் மூணு லட்சம் என்றால், அதைத் திரும்ப எடுக்கப் பதினோரு வருஷத்துக்கு மேல். மாதம் ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஹைப்ரிட் வாங்கலாம். பாட்டரிக்கே எட்டு வருஷ வாரண்டி. எனக்குக் கட்டாது. தவிர, அந்தப் பாட்டரி டிக்கிக்கு அடியில் உட்கார்ந்து இடத்தைச் சாப்பிடுகிறது. பெரியம்மா வீட்டிலிருந்து திரும்பும்போது ஏறுகிற வாழைத்தாரையும் அரிசி மூட்டையையும் எங்கே வைப்பது?

வரி விஷயத்திலும் ஒரு கணக்கு. 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி.யை மாற்றினார்கள். 1500 சி.சி.க்குள் இருக்கும் இந்த அளவு வண்டிகளுக்கு செஸ்ஸோடு சேர்த்து 45 சதவிகிதமாக இருந்தது 40 ஆனது. சந்தோஷப்படுவதற்குள் ஞாபகம் வந்தது: நம் மாநிலத்தில் 2023 நவம்பரிலேயே பத்து லட்சத்துக்கு மேல், இருபது லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள் வரி 15-லிருந்து 18 சதவிகிதம் ஆகிவிட்டது. இருபதைத் தாண்டினால் 20. ஆகவே "இன்னும் ஒரே ஒரு லட்சம்தான் ஸார், டாப் மாடல்" என்று பையன் சொல்லும்போது அந்த ஒரு லட்சம் எந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மனைவி கேட்டது ஒரே கேள்வி: "இடிச்சா என்ன ஆகும்?" குளோபல் என்கேப் சோதனையில் செல்டாஸுக்கு 2020-லும், கிரேட்டாவுக்கு 2022-லும் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மஹிந்திரா எக்ஸ்யூவி 700-க்கு 2021-லேயே ஐந்து. அது பழைய கிரேட்டா, 2024-ல் மாறி வந்ததில் எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக் உண்டு என்றேன். "ஏர்பேக் வேற, இரும்பு வேற" என்றாள். இந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

கடைசியில் ரெண்டு பேர் மிஞ்சினார்கள். எலிவேட், கிரேட்டா. ரெண்டும் டர்போ இல்லாத ஒண்ணரை லிட்டர் பெட்ரோல், ரெண்டிலும் கியர் மாறுவது தெரியாத சி.வி.டி. ரக ஆட்டோமேட்டிக். டர்போவும் டபுள் கிளட்ச்சும் ஓட்டுவதற்கு ஜோர்தான். ஆனால் ட்ரை கிளட்ச் என்பது நின்று நின்று ஊர்கிற டிராஃபிக்கில் சூடாகிற ஜாதி. கேம்ப் ரோடில் தினம் ரெண்டு வேளை தவம் செய்கிறவனுக்கு எதற்கு?

ரெண்டையும் ரெண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்தோம். இதை எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன். பதினெட்டு லட்சம் செலவழிக்கப் போகிறவன், வாடகைக்கு ஒரு சில ஆயிரம் பார்க்கக் கூடாது. அம்மாவுக்குத்தான் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து பிடிக்கவில்லை. "என்னடா, எம வாகனம் மாதிரி!" என்றாள். போன இடம், சொல்ல வேண்டியதில்லை, உத்திரமேரூர்.

தாம்பரம் பாலம் ஏறி இறங்கி ஜி.எஸ்.டி. ரோடு. வரிக்கும் ரோடுக்கும் ஒரே பெயர், ரெண்டிலும் நகர முடியாது. கார் வாங்கப் போகிறவன் இந்த ரோடில் ஒரு தடவை தெற்கே போய் வரவேண்டும். பெருங்களத்தூரில் ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடிகளும் நிற்கிற இடத்தில்தான் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் இருந்தது. ஹெரால்டு செய்தார்கள். 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒன்று. பிரிட்டிஷ் ரோவரின் அழகான உடம்பு, உள்ளே பழைய வான்கார்டு காலத்து எஞ்சின். மூணே வருஷத்தில், 1988-ல் கடை சாத்தியாகிவிட்டது. உடம்பைப் பார்த்து மயங்கி வாங்கியவர்கள் பாவம்!

வண்டலூர், கிளாம்பாக்கம் பஸ் நிலையக் கூட்டம், கூடுவாஞ்சேரி தாண்டினால் மறைமலை நகர். ஃபோர்டு இங்கேதான். 1999-ல் ஐகான், 2013-ல் எக்கோஸ்போர்ட். வைத்திருந்தவர்கள் இன்றைக்கும் சொத்து மாதிரி பேசுவார்கள். 2021 செப்டம்பரில் 'இந்தியாவில் இனி கார் செய்யப் போவதில்லை' என்று அறிவித்தார்கள், 2022 ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. 2025 அக்டோபரில், இதே இடத்தில் எஞ்சின் மட்டும் செய்யத் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். டஸ்ட்டருக்கும் இங்கே 2022-ல் உற்பத்தி நின்றது. 'நம்பகமான வண்டி' என்றால் எஞ்சின் பழுதாகாத வண்டி என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கடன் அஞ்சு வருஷம், வண்டி பத்துப் பன்னிரண்டு வருஷம். அதுவரைக்கும் கதவுப் பிடிக்கும் கண்ணாடி மோட்டாருக்கும் சாமான் கிடைக்க வேண்டாமா? நிறைய விற்கிற வண்டி அலுப்பாக இருக்கலாம். ஆனால் அதற்குத்தான் செங்கல்பட்டு மெக்கானிக் கையிலும் சாமான் இருக்கும்.

படாளம் கூட்டு ரோடில் திரும்பி வேடந்தாங்கல் வழியாகப் போகும்போது ரோடு கிராமத்து ரோடாகிவிடும். வேகத்தடைகளை எண்ணிக்கொண்டே வந்த என் பையன் முப்பத்தொன்றோடு தூங்கிவிட்டான். எலிவேட்டில் போனபோது டிக்கியைப் பெரியம்மா பார்த்து, "இதுல ஒரு குடும்பமே குடியிருக்கலாமே" என்றாள். 458 லிட்டர், சும்மாவா! அடுத்த வாரம் கிரேட்டாவில், பின் சீட்டின் சாய்மானத்தை ஒரு படி சாய்த்து, கதவு ஜன்னலின் திரையை இழுத்துவிட்டதும், அம்மா படாளத்திலிருந்து குறட்டை. இறங்கும்போது நான் கை நீட்டினேன். அவள் பார்க்கவேயில்லை. தானாக இறங்கிப் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

உத்திரமேரூர் வந்தால் கல்வெட்டு பார்க்காமல் போகக் கூடாது. வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழனின் 919, 921-ஆம் வருஷத்துக் கல்வெட்டுகள். ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கிற குடவோலை முறை. வயசு 35-க்கு மேல், 70-க்குள். சொந்த மனையில் வீடு. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது. அவன் நெருங்கிய சொந்தக்காரனும் நிற்க முடியாது! தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பி.காம். படித்தவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு ஷோரூமில், முப்பதாயிரம், அறுபதாயிரம் கிலோமீட்டர் சர்வீஸுக்கு எவ்வளவு ஆகும் என்று எழுதித் தரக் கேட்டேன். "அப்ப பாத்துக்கலாம் ஸார்" என்று சிரித்தார்கள். கணக்குக் காட்டாதவர்கள். அங்கேயே பெயரை அடித்துவிட்டேன்.

அந்த உற்சாகத்தில் பெரியம்மா வீட்டிலும் குடவோலை வைத்தோம். மனைவியின் ஓட்டு எலிவேட்டுக்கு, என் ஓட்டு இங்கும் அங்கும் ஆடிக்கொண்டிருந்தது. பெரியம்மா ரெண்டு காகிதத்தில் பெயர் எழுதி மடித்துப் பித்தளைச் சொம்பில் போட்டாள். பையன் கையை விட்டான். கிரேட்டா. எல்லோரும் கைதட்டினோம். என் மனைவி மட்டும் கைதட்டாமல் சொம்பைக் கவிழ்த்து இன்னொரு சீட்டைப் பிரித்தாள்.

அதிலும் கிரேட்டா.

"அவதான் எழுதச் சொன்னா" என்று பெரியம்மா தங்கையைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. "முட்டி என்னுதுதானே?" என்றாள்.

புதன்கிழமை அட்வான்ஸ் கட்டினோம். டெலிவரிக்கு ஆறு வாரம் என்கிறார்கள். அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சோதனை பண்ண வேறே ஏதாவது வண்டி பாக்கி இருக்கிறதா என்று அம்மா கேட்கிறாள்.