பாப்பாவுக்கு அத்தை எழுதுவது

மதுரை
18.07.2021

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே உங்கப்பா, உங்கம்மா, நான் மூவரும் சுகம். கொரோனாவுக்கு இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. உன் சுகத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் ஆரம்பித்தால் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, முழுசாகப் படி.

போன வாரம் நீ சொன்னதையெல்லாம் மனசிலே போட்டுப் புரட்டிக்கொண்டே இருக்கிறேன். வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் மானிட்டர் அலாரம் என்று எழுந்து ஓடுகிறாய். உன் கொரோனா வார்டு நிரம்பி வழிந்தபோது வராத நடுக்கம், பாதிக் கட்டில் காலியாகக் கிடக்கிற இப்போது வருகிறது. "அழுகையே வரலை, கல்லாயிட்டேன் அத்தை" என்றாய். கடைசியில் வேலையை எழுதிக் கொடுத்துவிடப்போகிறேன் என்றும் சொன்னாய். உங்கம்மாவுக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. "கேஸெல்லாம் குறைஞ்சுபோச்சே மதினி, இப்போ இவளுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டாள். குறைந்ததால்தான் கஷ்டம் என்று சொன்னேன். உனக்கும் அதையே சொல்கிறேன்.

மே 21-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. பெரியாஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வரிசையில் இருந்தவர்களை உள்ளே வாங்கிக்கொண்ட கைகளில் உன் கையும் ஒன்று. அன்றைக்கு உனக்குப் பயப்பட நேரம் ஏது? ஆறு மணி நேரம் பி.பி.இ. கிட்டுக்குள் தண்ணீர் குடிக்காமல், ஒண்ணுக்குப் போகாமல், சாச்சுரேஷன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, இறந்தவர் வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டு நின்றாய். உடம்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஓடியது. ஓட்டம் நின்றதும் ஒதுக்கிவைத்தது மொத்தமும் ஒன்றாக வந்து நிற்கிறது.

தாம்பரம் சானடோரியத்தில் நர்ஸாக இருந்தபோது நான் கண்ணால் கண்டது இது. நாட்டிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல், நம்ம சென்னையில். தொண்ணூறுகளில் சானடோரியத்து வார்டுகளில் அந்த நோயாளிகள்தான். ஆந்திராவிலிருந்தெல்லாம் ரயிலேறி வருவார்கள். மருந்து உலகத்தில் இருந்தது, அவர்கள் வாங்குகிற விலையில் இல்லை. டி.பி.க்கு மாத்திரை கொடுப்போம், வாய்ப்புண்ணைத் துடைத்துவிடுவோம், பேதிக்கு டிரிப் போடுவோம். அதற்குமேல் எங்கள் கையில் ஒன்றுமில்லை. வீட்டார் கொண்டுவந்து சேர்த்துவிட்டுத் தப்பான முகவரி கொடுத்துப் போய்விடுவார்கள். 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி அரசாங்கம் அந்த மருந்தை, ஏ.ஆர்.டி.யை, இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய எட்டு இடங்களில் தாம்பரமும் ஒன்று. தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நடந்து திரும்ப ஆரம்பித்தார்கள்.

நாங்கள் சந்தோஷப்பட வேண்டிய காலம் அது. எங்களில் சிலர் உடைந்ததும் அப்போதுதான். ஒரு நாள் லீவு போடாமல் வேலை பார்த்த ஒரு சிஸ்டர், திடீரென்று மருந்து டிராலி முன்னால் நின்று எதற்கு வந்தோம் என்று தெரியாமல் விழிப்பாள். இன்னொருத்தி எல்லார்மேலும் எரிந்து விழுந்தாள். வேறொருத்தி விருப்ப ஓய்வில் போனாள். கண் பட்டுவிட்டது என்றார்கள், மாதவிலக்கு நிற்கிற வயசு என்றார்கள். வார்டுதான் காரணம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. கனடாவில் 2003-இல் சார்ஸ் தொற்று வந்தது, டொரண்டோவில். அந்த நோயாளிகளைப் பார்த்த ஆஸ்பத்திரிக்காரர்களை, நோய் அடங்கி 13 முதல் 26 மாதம் கழித்து மாண்டர் என்ற மனநல மருத்துவரின் குழு ஆராய்ந்தது. சார்ஸ் வராத பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிகளோடு ஒப்பிட்டார்கள். அத்தனை காலம் கழித்தும் சார்ஸ் பார்த்தவர்களிடம்தான் சலிப்பும் மன உளைச்சலும் கூடுதல். நோயாளிப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டவர்களும் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டவர்களும் அவர்களில்தான் அதிகம். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. சரியான பயிற்சியும் பாதுகாப்பும் மேலே இருப்பவர்களின் ஆதரவும் கிடைத்தது என்று நினைத்தவர்கள் அவ்வளவு அடிபடவில்லை. ஆகவே இந்த அடியில் ஒரு பங்குதான் நோய் கொடுத்தது. மீதி, நம்மை எப்படி நிறுத்திவைத்தார்கள் என்பதிலிருந்து வருகிறது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த ஆக்சிஜன் ராத்திரியை நீ உன் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறாய். ஒரு கனெக்‌ஷன் காலியாகிறது, இரண்டு பேர் மூச்சுக்குத் தவிக்கிறார்கள். டியூட்டி டாக்டர் ஒருவரைக் காட்டினார், நீ மாட்டினாய். மற்றவர் விடிவதற்குள் போய்விட்டார். "நான் பார்த்துக்கிட்டே இருந்தேன் அத்தை" என்றாய். ஐசியூவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று நானே உங்கள் மாதிரிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். உன் கையில் எத்தனை கட்டில் கொடுத்திருந்தார்கள் என்று யோசி. கற்றுக்கொடுத்ததற்கு நேர்மாறாக வேலை செய்ய வைத்தால் மனசில் ஒரு காயம் விழும். வியட்நாம் போருக்குப் போய்வந்த சிப்பாய்களிடம் ஜானதன் ஷே என்ற மருத்துவர் இதைப் பார்த்து எழுதினார். அறக்காயம் என்கிறார்கள். இது வந்ததாலேயே நீ குற்றம் செய்தவள் ஆகிவிடமாட்டாய். சரி தப்பு பார்த்து வேலை செய்கிறவர்களுக்குத்தான் வரும். உனக்கு வந்திருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

கை தட்டினார்களே, பூப்போட்டார்களே என்று உங்கப்பா சொல்கிறான். போன வருஷம் மார்ச் 22 சாயங்காலம் நானும்தான் மொட்டை மாடியில் தட்டைத் தட்டினேன். மே 3-ஆம் தேதி ஹெலிகாப்டரிலிருந்து ஆஸ்பத்திரிகள்மேல் பூத்தூவினார்கள். இரண்டுக்கும் நடுவில், ஏப்ரல் 19 அன்று, டாக்டர் சைமன் ஹெர்குலிஸை அடக்கம் செய்யப் போனவர்களைச் சென்னையில் கும்பல் கூடி அடித்து விரட்டியது. நரம்பியல் அறுவை மருத்துவர், கொரோனாவில் இறந்தவர். கூடப் போன டாக்டர் ஒருவரே மண்வெட்டி பிடித்துக் குழியை மூட வேண்டியதாயிற்று. அந்த வாரம் உன் ஹவுஸ் ஓனர் வீட்டைக் காலி பண்ணச் சொன்னதை நீ எங்களிடம் மறைத்தாய், பிறகுதான் தெரிந்தது. உங்களைத் தெய்வம் என்று கை தட்டியவர்களும் காலி பண்ணச் சொன்னவர்களும் ஒரே தெருக்காரர்கள். தெய்வத்துக்குத் தூக்கம் வேண்டாம், லீவு வேண்டாம், சம்பளமும் வேண்டாம். அதனால் அந்தப் பட்டத்தை நீ வாங்கிக்கொள்ளாதே.

போன செப்டம்பரில் மாநிலங்களவையில், தொற்றில் இறந்த சுகாதாரப் பணியாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். அந்தக் கணக்கை மத்திய அளவில் வைத்துக்கொள்வதில்லை என்று பதில் வந்தது. டாக்டர்களுக்காவது இந்திய மருத்துவச் சங்கம் இருக்கிறது, இரண்டாம் அலையில் ஏறக்குறைய 800 பேர் என்று எண்ணிச் சொன்னது. நர்ஸ்களையும், கூடவே நின்று பாடி கட்டிய தூய்மைப் பணியாளர்களையும் யார் எண்ணினார்கள்? இந்த மே மாதம் தமிழ்நாட்டு அரசு நர்ஸ்களுக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று அறிவித்தது நல்ல காரியம். அதோடு கூடுதல் ஆளும், தொடர்ச்சியான ராத்திரி டியூட்டிக்குப் பிறகு முழு ஓய்வும் வேண்டும் என்று நீங்கள் கேட்க வேண்டும். தனியாகக் கேட்காதே. பேட்ச் பிள்ளைகளெல்லாம் சேர்ந்து, எழுத்தில், சங்கம் மூலமாகக் கேளுங்கள்.

நைட் டியூட்டி முடித்து வந்தவர்களை மத்தியானம் இரண்டு மணிக்கு ஜூமில் உட்காரவைத்து மனநல வகுப்பு எடுத்தார்கள் என்று சொன்னாயே, எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அந்த நேரம் தூங்க விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். ஒரே ஒரு கூட்டம் போட்டு நடந்ததையெல்லாம் சொல்ல வைப்பதால் பின்னால் வரும் பாதிப்பு தடுக்கப்படுவதில்லை, சிலருக்குக் கூடவும் செய்யும் என்று ஆய்வுகள் வந்து எத்தனையோ வருஷமாயிற்று. விருப்பப்பட்ட நேரத்தில், நம்பிக்கையான ஆளிடம், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வது வேறு. உன்கூட அந்த ராத்திரி வார்டில் நின்ற பிள்ளை இருக்கிறாளே, அவளோடு டீ குடிக்கப் போ. எங்களிடம் சொல்ல முடியாதது அவளிடம் வரும்.

இப்போது நேராக ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயப்படுகிற ஆள் நானில்லை. நியூயார்க்கில் லோர்னா பிரீன் என்று ஒரு டாக்டர், அவசரப் பிரிவின் தலைவர். நல்ல திடமான மனுஷி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். போன வருஷம் ஏப்ரலில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மனநல உதவி கேட்டால் தொழிலுக்கே ஆபத்து என்று அவர் பயந்ததாகக் குடும்பத்தார் சொல்கிறார்கள். நீ அப்படிப் பயப்படாதே. மனநல மருத்துவரிடம் நீ பேசுவதை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது. உன் ஆஸ்பத்திரியில் காட்டக் கூச்சமாக இருந்தால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போ. ராத்திரி திடீரென்று தாங்கவில்லை என்றால் முதலில் எனக்கு அடி, எந்த நேரமானாலும் சரி. இல்லையென்றால் 104 உதவி எண்ணுக்குப் பேசு, நிம்ஹான்ஸின் 080-46110007 எண்ணும் இருக்கிறது.

வார்டு ஸ்டாக்கிலிருந்து தூக்க மாத்திரையை மட்டும் தொடாதே. மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் நம் தொழிலில் உள்ள பெரிய ஆபத்து. தூக்கம் வரவில்லை என்பதையும் அந்த மனநல டாக்டரிடமே சொல், அவர் எழுதிக் கொடுக்கட்டும்.

வேலையை விடுவதைப் பற்றி: விடு, விடாதே, இரண்டையும் நான் சொல்லப்போவதில்லை. தாம்பரத்திலிருந்து போன அந்தச் சிஸ்டர் பிறகு நன்றாகத்தான் இருந்தாள். இருந்தவர்களும் நன்றாகத்தான் இருந்தோம். ஆனால் தூங்காதவர்கள் ராஜினாமா எழுதக் கூடாது. அக்டோபர் வரைக்கும் அந்தப் பேச்சைத் தள்ளிப்போடு. டாக்டரைப் பார், நாலு வாரமாவது ஒழுங்காகத் தூங்கு. அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் எழுதிக் கொடு, உங்கப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவன் என் தம்பி, என் பேச்சைத் தட்டமாட்டான்.

ஆடி பதினெட்டுக்கு இங்கே வந்துவிடு. உங்கம்மாவிடம் மூன்று நிபந்தனை போட்டிருக்கிறேன். வார்டில் என்ன நடந்தது என்று கேட்கக் கூடாது. பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு "கொரோனா வார்டு நர்ஸு" என்று உன்னைக் காட்டக் கூடாது. தை பிறக்கும்வரை கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது. முதல் இரண்டுக்கும் உடனே தலையாட்டினாள், மூன்றாவதற்குத்தான் கொஞ்சம் இழுத்தாள். நான் விடவில்லை. லீவு கிடைத்ததும் சொல், டிக்கெட் நான் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தை